மெர்ஜ் செய்யும் முன் இன்னொரு கண்: சிறு குழுக்களுக்கான கோட் ரிவியூ

1998இல் மொரீஷியஸ் மத்திய வங்கி புதிய ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. அதுவரை ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதற்கும் அடுத்து இந்தி என்று இருந்த எழுத்து வரிசை, புதிய நோட்டில் இந்தி முன்னே தமிழ் பின்னே என்று மாறியிருந்தது. இந்த நாட்டுத் தமிழர்கள் எதிர்த்தார்கள். நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. வரிசையைச் சரிசெய்து மறுபடியும் அச்சிட வேண்டியதாயிற்று. அச்சுக்குப் போகும் முன் மாதிரித் தாளில் ஒரு கோடு கிழித்து முடித்திருக்கக்கூடிய திருத்தம், புழக்கத்துக்கு வந்த பிறகு பெரும் செலவும் மனக்கசப்புமாக ஆனது.

மென்பொருளிலும் கணக்கு இதேதான். ஒருவர் எழுதிய நிரலை, அது முதன்மைக் கிளையில், அதாவது எல்லோருக்கும் பொதுவான பிரதியில், கலப்பதற்கு (மெர்ஜ் ஆவதற்கு) முன், அதை எழுதாத இன்னொருவர் வரிவரியாகப் படித்துக் கருத்துச் சொல்வது கோட் ரிவியூ. அந்தப் படிப்பும் பேச்சும் திருத்தமும் ஒப்புதலும் ஒரே இடத்தில் நடக்க வசதி செய்து தருவது கோட் ரிவியூ கருவி.

ரெதுயி பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறவர்கள், எபேன் சைபர் சிட்டியில் பகலெல்லாம் கம்பெனி வேலை பார்த்துவிட்டு இரவில் சொந்த ஆசைக்கு நிரல் எழுதுகிறவர்கள், கோவில் சங்கத்துக்கு ஒரு செயலி செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள், இவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு திறந்த மூலத் திட்டம், அதாவது நிரலை எவரும் படித்து மாற்றக்கூடிய திட்டம், தொடங்குவார்கள். எந்தக் கருவி நல்லது என்ற வாதத்திலேயே முதல் மாதம் போய்விடும். என்னைக் கேட்டால் கருவி கடைசிக் கேள்வி. யார் படிப்பார், எத்தனை நாளுக்குள் படிப்பார், அவர் வேண்டாம் என்று சொன்னால் அந்த மாற்றம் உண்மையிலேயே நிற்குமா? இந்த மூன்றுக்கும் பதில் இருக்கிற குழுவுக்கு எந்தக் கருவியும் கைகொடுக்கும். பதில் இல்லாத குழுவுக்கு எதுவும் உதவாது.

சரி, ரிவியூவில் என்னதான் நடக்கிறது? ஒரு பஞ்சாங்கச் செயலியை எடுத்துக்கொள்வோம். தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை. காவடி, புரட்டாசிச் சனிக்கிழமை, சித்திரை வருடப் பிறப்பு எல்லாவற்றுக்கும் உள்ளூர் நேரத்தில் நாளும் நட்சத்திரமும் சொல்லும் செயலி. சூரிய உதயத்தைக் கணக்கிடும் பகுதியைச் சென்னையிலிருந்து ஒரு தம்பி எழுதி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். தன் ஊருக்கு ஓட்டிப் பார்த்தார், நிமிடம் பிசகவில்லை. ஆனால் நிரலில் இரண்டு சங்கதி உண்டு. ஒன்று, உலகப் பொது நேரத்தோடு எந்த ஊருக்கும் ஐந்தரை மணியைக் கூட்டுகிறது. இன்னொன்று, அட்சரேகையின் கழித்தல் குறியை நீக்கிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

போர்ட் லூயிஸில் இருப்பவர் இதைப் படித்தால் முதல் சங்கதியிலேயே நின்றுவிடுவார். நமக்கு நான்கு மணிதான் கூட்ட வேண்டும். ஜனவரி நடுவில் இங்கே ஐந்தே முக்கால் வாக்கில் சூரியன் எழுந்துவிடும். அந்த நிரல் ஏழேகால் என்று காட்டும். செயலியைத் திறந்த எவருக்கும் இது உறைக்கும். இரண்டாவது அப்படியில்லை. நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 டிகிரியில் இருக்கிறோம், ஜனவரி நமக்குக் கோடை. குறி தொலைந்துபோனால் நிரல் நம்மை வடக்கே 20 டிகிரிக்குக் கொண்டுபோய்க் குளிர்கால உதயத்தைக் கணக்கிடும். விடை ஏறக்குறைய ஆறே முக்கால் வரும். ஒரு மணி நேரம் பிசகு, ஆனால் பார்த்தால் நம்பும்படியான நேரம். சென்னையில் எத்தனை தடவை சோதித்தாலும் இந்தப் பிழை வெளியே வராது, ஏனென்றால் சென்னையில் அது பிழையே இல்லை.

கருவியின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. பழைய வரிகளைச் சிவப்பிலும் புதிய வரிகளைப் பச்சையிலும் அது காட்டும். குறி நீக்கப்படும் வரியைச் சொடுக்கி, "தெற்கே இருக்கும் ஊர்களுக்கு இது தப்பாகும், போர்ட் லூயிஸுக்கு ஒரு சோதனை சேர்க்க முடியுமா தம்பி?" என்று எழுதலாம். அந்தக் கருத்து அந்த வரியோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அவர் திருத்தி மறுபடி அனுப்பினால் முன்பு பார்த்ததற்கும் இப்போதைக்கும் என்ன மாறியது என்பதை மட்டும் பார்க்கலாம். திருப்தி வந்தால் ஒப்புதல், அப்புறம் மெர்ஜ். இரண்டு வருடம் கழித்து வேறொருவர் வந்து, இந்தச் சோதனை எதற்கு, தூக்கிவிடலாமா என்று கேட்டால் காட்டுவதற்கு அந்த உரையாடல் அங்கேயே இருக்கும். வாட்ஸ்அப் குழுவில் நடந்த பேச்சாக இருந்தால் அது எப்போதோ காணாமல் போயிருக்கும். சிறு குழுக்களுக்கு ரிவியூ கருவியால் கிடைக்கும் பெரிய லாபம் இந்தப் பதிவுதான் என்று நினைக்கிறேன். பிழை பிடிப்பது அதற்கு அடுத்ததுதான். மைக்ரோசாஃப்டில் நடத்தி 2013இல் வெளியான ஓர் ஆய்விலும் இதன் சாயலைப் பார்க்கலாம். ரிவியூ செய்கிறவர்கள் முதலில் எதிர்பார்ப்பது பிழை பிடிப்பதைத்தான். நடைமுறையில் நிரலைப் பற்றிய அறிவு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவது போன்ற பலன்கள் அதைவிட அதிகமாக இருந்தன.

கருவிகள் வந்த வழி

1976இல் ஐபிஎம் நிறுவனத்தின் மைக்கேல் ஃபேகன் நிரல் ஆய்வுக்கு ஒரு முறையை எழுதி வெளியிட்டார். ஆளுக்கொரு பொறுப்போடு ஓர் அறையில் கூடி உட்கார்ந்து படிக்கும் முறை அது. திறந்த மூல உலகத்தில் அப்படி ஓர் அறை கிடையாது. எழுதுகிறவர் பெர்லினில், படிக்கிறவர் பெங்களூரில். அதனால் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் திட்டம் தொடக்கத்திலிருந்தே மாற்றங்களை மின்னஞ்சலில் அனுப்பி, பதில் மடலில் வரிகளுக்கு நடுவே கருத்தெழுதி வந்தது. 2005இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், நிரலில் நடக்கும் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கிட் மென்பொருளை எழுதியபோதும் அந்தப் பழக்கத்துக்கு ஏற்றபடியே எழுதினார். கெர்னலில் இன்றைக்கும் அதே முறைதான். படித்தவரின் பெயர் அந்த மாற்றத்தின் குறிப்பிலேயே நிரந்தரமாகப் பதிவாகும்.

இணைய உலாவியில் ரிவியூ செய்யும் பழக்கத்துக்கு ஒரு கிளைக்கதை உண்டு. பைத்தான் மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசம் கூகுளில் இருந்தபோது உள்வேலைக்காக மோன்ட்ரியன் என்ற கருவியைச் செய்தார். 2008இல் அதே எண்ணத்தை ரீட்வெல்ட் என்ற பெயரில் திறந்த மூலமாக வெளியிட்டார். ஆண்ட்ராய்டு திட்டத்துக்காக அதிலிருந்து கிளைத்தது கெரிட். டச்சுக் கட்டடக் கலைஞர் ஒருவரின் பெயர் கெரிட் ரீட்வெல்ட். அவர் பெயரை இரண்டாகப் பிரித்து இரண்டு கருவிகளுக்கும் வைத்துவிட்டார்கள்! கெரிட் நமக்கு ரொம்பத் தூரமானது இல்லை. தமிழ் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள் 2012இல் கெரிட்டுக்கு மாறியது. லிப்ரேஆபிஸ், கோ மொழி, குரோமியம் எல்லாம் கெரிட்டில்தான் ரிவியூ ஆகின்றன.

அதே 2008இல், நிரலை இணையத்தில் வைத்துப் பகிரும் கிட்ஹப் தளம் வந்தது. கூடவே புல் ரிக்வெஸ்ட்டும் வந்தது. என் பிரதியில் ஒரு கிளையில் வேலை செய்திருக்கிறேன், உங்கள் கிளைக்கு இழுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதுதான் அது. கிட்லேப் இதையே மெர்ஜ் ரிக்வெஸ்ட் என்கிறது. கிட்டீ, ஃபோர்ஜோ என்று நாமே சர்வரில் நிறுவிக்கொள்ளும் மென்பொருள்களிலும் முறை இதுதான்.

ஆக, மின்னஞ்சல், கெரிட், புல் ரிக்வெஸ்ட் என்று மூன்று குடும்பம். மின்னஞ்சல் குடும்பத்துக்குள் ஒரு கற்றுக்குட்டியை அனுப்ப எனக்கு மனம் வராது. வடிவம் பிசகாமல் மடல் அனுப்பக் கற்பதற்கே தனிப் பயிற்சி வேண்டும். மற்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

கெரிட்டில் ஒவ்வொரு கமிட்டும், அதாவது குறிப்போடு சேமித்த ஒவ்வொரு மாற்றமும், தனித்தனியாக ரிவியூவுக்கு வரும். கருத்து வந்தால் புதிய கமிட்டைச் சேர்ப்பதில்லை, அதே கமிட்டைத் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். குறிப்பில் இருக்கும் ஓர் அடையாள எண்ணை வைத்து, இது பழைய மாற்றத்தின் அடுத்த பதிப்பு என்று கெரிட் புரிந்துகொள்ளும். படிக்கிறவர்கள் மதிப்பெண் போடுவார்கள். +1 என்றால் எனக்குச் சரியாகப் படுகிறது, முடிவை வேறொருவர் எடுக்கட்டும். +2 என்றால் ஏற்கலாம். −2 என்றால் போட்டவரே அதை எடுக்கும் வரை மாற்றம் நகராது. வரலாறு மிகச் சுத்தமாக இருக்கும். ஆனால் கமிட்டைத் திருத்தி அனுப்புவது புதிதாக வருகிறவர்களின் கையை முறுக்கும்.

புல் ரிக்வெஸ்ட்டில் ஒரு கிளை முழுவதும் ஒரே பேச்சு. கருத்து வந்தால் மேலே ஒரு கமிட்டைப் போட்டுவிட்டுப் போகலாம். எளிது. முப்பது கமிட் சேர்ந்து, கடைசியில் எதைப் படித்தோம் எதைப் படிக்கவில்லை என்று தெரியாமல் போவதும் எளிது. ஒப்புதல் தருவதா, திருத்தம் கேட்பதா என்று முறையாகப் பதிவு செய்யும் வசதியே கிட்ஹப்பில் 2016இல்தான் வந்தது.

மாணவர்களையும் பகுதிநேர ஆர்வலர்களையும் நம்பி நடக்கும் திட்டமென்றால், அவர்களுக்கு ஏற்கெனவே கணக்கு இருக்கும் இடத்தில் போய் நில்லுங்கள். பெரும்பாலும் அது கிட்ஹப் அல்லது கிட்லேப். கருவியைக் கற்பதற்கே ஒரு சனிக்கிழமை போய்விட்டால் அந்தப் பிள்ளை அடுத்த சனிக்கிழமை வராது. தனியார் கம்பெனியின் இடம் வேண்டாம் என்று கொள்கை வைத்திருக்கிறவர்களுக்கு ஃபோர்ஜோவில் இயங்கும் கோட்பெர்க் என்ற தளம் இருக்கிறது. அதுவும் பழகிய முகம்தான். பல நூறு பேர் ஒரே களஞ்சியத்தில் (நிரலும் அதன் வரலாறும் இருக்கும் இடத்தில்) மோதும் பெரிய திட்டத்துக்குக் கெரிட் பொருந்தும். ஐந்து பேருக்குக் கெரிட் சர்வர் வைத்துக் காப்பது வீண் பாரம்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கருவிக்கும் ஆயுள் உண்டு. ஃபேஸ்புக்கில் பிறந்து 2011இல் திறந்த மூலமான ஃபேப்ரிகேட்டர் என்ற ரிவியூ கருவியை ஒரு காலத்தில் எல்லோரும் புகழ்ந்தார்கள். அதைப் பராமரித்த நிறுவனம் 2021இல் நிறுத்திக்கொண்டது. ஆர்வலர்கள் ஃபோர்ஜ் என்ற பெயரில் அதைத் தொடர்கிறார்கள். அதை நம்பியிருந்த எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டம் 2023இல் கிட்ஹப் புல் ரிக்வெஸ்ட்டுக்கு மாறியது. கிட் களஞ்சியம் எங்கே போனாலும் கூடவே வரும், ரிவியூ பேச்சு அப்படி வராது. அதனால் ஒரு முடிவின் காரணத்தை இரண்டு வரியில் கமிட் குறிப்பிலும் எழுதிவைக்கும் பழக்கம் நல்லது.

கருவியை நாட்டுவது

முதல் நாளே பத்து விதி போடாதீர்கள். முதன்மைக் கிளையைப் பூட்டுங்கள், அது போதும். அதாவது, இன்னொருவரின் ஒப்புதல் இல்லாமல் அந்தக் கிளைக்குள் எதுவும் போகக்கூடாது என்று அமைப்பில் ஒரு குறி போடுவது. திட்டத்தைத் தொடங்கியவருக்கும் அது பொருந்த வேண்டும். "நான்தானே ஆரம்பித்தேன், எனக்கெதற்கு" என்று அண்ணன் ஒருவர் நேரடியாகத் தள்ளத் தொடங்கினால் ஒரே வாரத்தில் எல்லோரும் அதையே செய்வார்கள்.

இடைவெளி எத்தனை, காற்புள்ளி எங்கே, வரி எவ்வளவு நீளம் போன்ற சச்சரவுகளை மனிதர்களிடமிருந்து பிடுங்கி இயந்திரத்திடம் கொடுத்துவிடுங்கள். மாற்றம் வந்தவுடன் வடிவத்தைச் சரிபார்த்து, சோதனைகளையும் ஓட்டும் தானியங்கி ஒன்று இருந்தால், படிக்கிறவர் அட்சரேகையைப் பற்றி யோசிக்க நேரம் கிடைக்கும். அது இல்லாத குழுக்களில் ரிவியூ என்பது காற்புள்ளி எண்ணும் வேலையாகச் சுருங்கிவிடும்.

மாற்றம் சிறியதாக இருக்கட்டும். சிஸ்கோவில் நடந்த ஓர் ஆய்வு, ஒரு தடவைக்கு 200 முதல் 400 வரிகளைத் தாண்டினால் படிக்கிறவர் பிழை பிடிக்கும் திறன் இறங்கிவிடுவதாகச் சொன்னது. நம் இரவு நேரக் குழுக்களுக்கு அந்த எண்ணில் பாதியே அதிகம் என்பேன். பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு ரோஸ் ஹில் பஸ்ஸில் வீடு திரும்பிய மனிதர் இரவு ஒன்பது மணிக்கு 900 வரிகளைத் திறந்தால் என்ன செய்வார்? மேலோட்டமாக உருட்டிவிட்டு, நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் படுப்பார். பஞ்சாங்கச் செயலியில் நேர மண்டலத்தை ஒரு மாற்றமாகவும் அட்சரேகையை இன்னொன்றாகவும் அனுப்பச் சொல்லுங்கள்.

யார் படிப்பது என்பதை ஆளுக்கு ஆள் பிரித்துக் கோப்பாகவே எழுதிவைக்கலாம். வானியல் கணக்கு இருக்கும் கோப்புறையைத் தொட்டால் இன்னார் பார்த்தே ஆகவேண்டும், தமிழ் மொழிபெயர்ப்பைத் தொட்டால் இன்னார், என்று கிட்ஹப்பிலும் கிட்லேப்பிலும் பெயர் போடலாம். ஒரு பெயர் மட்டும் போடாதீர்கள். நமக்கு ஓர் உள்ளூர்க் காரணமும் இருக்கிறது. தைப்பூசம் ஜனவரி, பிப்ரவரியில் வரும். செயலிக்கு ஆள் கூடுவதும் அப்போதுதான். அது சூறாவளிக் காலமும்கூட. 2024 ஜனவரியில் பெலால் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை விழுந்து கரண்டும் இணையமும் போன நாளில், ஒப்புதல் தரக்கூடிய எல்லோரும் இதே தீவில் இருந்தால் அவசரத் திருத்தம் அப்படியே நிற்கும். சென்னையிலோ டர்பனிலோ டொராண்டோவிலோ ஒருவருக்கு அந்த உரிமையைக் கொடுத்துவையுங்கள்.

மொழியையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இங்கே ஒருவர் ஆங்கிலத்தில் தொடங்கி, கிரியோலில் கிண்டலடித்து, பிரெஞ்சில் முடிப்பார். பக்கத்தில் ரெயூனியோனிலிருந்து வருகிறவருக்குப் பிரெஞ்சுதான் வசதி, சென்னைத் தம்பிக்கு அது சுத்தமாகப் புரியாது. எந்த மொழியானாலும் பரவாயில்லை, ஒன்றை முடிவு செய்து பங்களிப்பு வழிகாட்டியில் எழுதிவிடுங்கள். அப்புறம் தொனி. நேரில் சிரித்துக்கொண்டே சொல்லும் வாக்கியம் திரையில் சிரிப்பில்லாமல் போய்ச் சேரும். "இது ஏன் இப்படி?" என்று மட்டும் எழுதினால் அது கேள்வியா குற்றச்சாட்டா என்று படிக்கிறவருக்குத் தெரியாது. கட்டாயம் மாற்ற வேண்டியது எது, விருப்பமிருந்தால் மாற்றலாம் என்பது எது, இரண்டையும் வார்த்தையில் பிரித்துச் சொல்லுங்கள்.

முதல் பதில் எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதில்தான் புதியவர் தங்குவதும் போவதும் இருக்கிறது. முழு ரிவியூவும் உடனே வேண்டியதில்லை. "பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை விரிவாகப் படிக்கிறேன்" என்ற ஒரு வரி போதும்.

ரிவியூவின் கண்ணில் படாதவை

கருவி வந்துவிட்டால் நிரல் பத்திரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் ஓட்டை, இணையத் தொடர்பைக் குறியாக்கம் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் நிரல் நூலகத்தில், வந்த தரவின் நீளத்தைச் சரிபார்க்காமல் விட்டதால் வந்தது. அந்த நிரலை ஒருவர் படித்துத்தான் ஏற்றார். இல்லாத வரி ரிவியூவில் கண்ணுக்குப் படுவது மிகக் கடினம். பச்சையும் சிவப்பும் எழுதப்பட்டதைத்தான் காட்டும். 2024 மார்ச்சில் அம்பலமான, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இஸட் மென்பொருளின் விவகாரம் இன்னும் மோசம். பொறுமையாக நம்பிக்கை சம்பாதித்துப் பராமரிப்பாளராகவே ஆகிவிட்ட ஒருவர், சோதனைக் கோப்பு என்ற பெயரில் ஒரு பின்கதவை, அதாவது ரகசிய நுழைவழியை, ஒளித்துவைத்தார். அதை உசுப்பிவிடும் துணுக்கு கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தது. ரிவியூ கருவிக்கு அந்தப் பொதி தெரியவே தெரியாது. தனியாகச் சோர்ந்துபோன ஒரு பராமரிப்பாளர் மீது எல்லோரும் சாய்ந்திருந்ததுதான் இதற்கு வழி திறந்தது. ஆகவே வெளியீட்டுப் பொதியைக் கையால் கட்டாமல், களஞ்சியத்திலிருந்து தானியங்கியே கட்டும்படி வையுங்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவு ரிவியூ செய்து தரும் என்கிறார்கள். எழுத்துப்பிழை, மறந்துபோன சரிபார்ப்பு போன்றவற்றுக்கு ஓட்டிப் பார்க்கலாம், தவறில்லை. ஆனால் இந்தக் கோவிலில் எந்த நாளை எந்தக் கணக்கில் எடுக்கிறார்கள் என்பது அந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும். ஒப்புதல் பொத்தான் மனிதர் கையில் இருக்கட்டும்.

வெளியே போய்ப் பழகிக்கொள்வதும் உதவும். டிஎல்எஸ் 1.3 பாதுகாப்பு நெறிமுறையைத் திறந்த மூலத் திட்டங்களில் சேர்க்கும் வேலைக்காக மொரீஷியஸ் இளைஞர்கள், இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் ஹேக்கத்தான்களில் (கூடி நிரல் எழுதும் நிகழ்வுகளில்) பங்கேற்றிருக்கிறார்கள். 2021 டிசம்பரில் வெளியான ஆர்எஃப்சி 9155 என்ற ஐஇடிஎஃப் ஆவணத்தின் ஆசிரியர்களில் ஒருவர் இங்குள்ள சைபர்ஸ்டார்ம் குழுவைச் சேர்ந்தவர். அந்த அளவு கண்டிப்பான இடம் முதலில் வேண்டாம் என்றால், ஓபன்-தமிழ் போன்ற ஒரு நிரல் நூலகத்தின் பழைய புல் ரிக்வெஸ்ட்டுகளைத் திறந்து படித்துப் பாருங்கள். என்ன கேட்டார்கள், எப்படிப் பதில் சொன்னார்கள், எது ஏற்கப்படாமல் நின்றது என்று எல்லாம் பொதுவில் கிடக்கிறது.

பிறகு உங்கள் களஞ்சியத்தில் ஒத்திகை பாருங்கள். வேண்டுமென்றே சோதனையில் தோற்கும் ஒரு சிறு மாற்றத்தை அனுப்பி, மெர்ஜ் பொத்தான் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து சரியான மாற்றத்தை அனுப்பி, ஒப்புதல் இல்லாமல் உள்ளே தள்ள முயலுங்கள். இரண்டிலும் கதவு திறக்கவில்லை என்றால் அந்தத் தம்பியின் சூரிய உதயக் கணக்கை வரச்சொல்லலாம்.